கழுதை உடைத்த குடம்

ஆற்று நாட்டின் ஆயர், வணக்கத்துக்குரிய மூயிஸ் அவர்களுக்கு, உப்புப் பாலைவனத்து மடத்திலிருந்து கிழவன் கொல்லூது பணிந்து எழுதுவது.

உங்கள் வயிற்று வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால் பழையபடிதான். எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. கல்லறைக் கற்களில் விரலை ஓட்டிக் கற்றது. அதனால்தானோ என்னவோ, நான் எதை எழுதினாலும் சாவுச் செய்தி போலவே வந்து நிற்கிறது.

உங்கள் முத்திரை வைத்த கடிதத்தைச் சபையில் வாசித்தார்கள். கொள்ளைக்காரர்கள் வந்த அன்று, கோபுரத்துக்குள் நுழையும் தூக்குபாலத்தைக் காக்கும் பமின் பயந்துபோய் அதைத் தூக்கிவிட்டதால், வெளியே நின்ற முதியவர் ஹோர் வெட்டுப்பட்டு இறந்தார், ஆகவே பமினின் துறவாடையைக் களைந்து வெளியேற்றும் தீர்ப்பு சரியே என்று எழுதியிருந்தீர்கள். "அவரே ஒப்புக்கொண்ட பிறகு வேறு சாட்சி எதற்கு?" என்றும் கேட்டிருந்தீர்கள். சாட்சி நான் இருக்கிறேன். என்னைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலும்.

குதிரைகளின் புழுதி தெரிந்து மணி அடித்ததும் எல்லோரும் கோபுரத்துக்குள் ஓடி, மாடிக் கோயிலுக்கு ஏறிவிட்டார்கள். முழங்கால் வலியால் நான் படியின் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பாலத்தின் வாசல் நேராகத் தெரியும். பமின் கயிற்றைப் பிடித்தபடி ஹோருக்காகக் காத்து நின்றான். ஹோருக்குக் கண் மங்கல் என்பது தெரியும் அல்லவா? சுவரைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தார். மடத்துத் தலைவர் பிஜிமி ஓடி வந்து "இழு, இழு" என்றார். "ஹோர் ஐயா வந்துட்டாருங்க, இன்னும் கொஞ்சம்" என்றான் பமின். தலைவர் அவனைத் தோளால் தள்ளிவிட்டு பாலத்தை ஏற்றும் உருளையைத் தானே சுற்றினார். பமின் விழுந்த இடத்திலிருந்தே கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்துபோயிற்று. பாலம் ஏறிவிட்டது. கீழே ஹோர், "யாருப்பா அங்க? பாலத்தக் காணோமே" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

மேலே கோயிலில் ஒருவரும் இதைப் பார்க்கவில்லை. கொள்ளைக்காரர்கள் போன பிறகு, பண்டகசாலை சரபாமோன்தான் முதலில் பமினைப் பிடித்தார். "பாலம் உன் பொறுப்புதானே? கெழவர வெளிய விட்டுட்டுத் தூக்கிட்டியேய்யா" என்றார். அந்த வாய் மூடுவதற்குள் பமின் முகங்குப்புற விழுந்து, "மன்னிச்சிருங்க சாமிகளே, குத்தம் என்னோடது" என்றான். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒப்புக்கொண்டான் என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

இந்த இடத்தில் ஆயரை விட்டுவிட்டு, பழைய மூயிஸிடம் பேசுகிறேன். கோபித்தாலும் சரி. மூயிஸ், நீ இந்த மடத்தில் புதிதாகச் சேர்ந்த கோடையில் கிணற்றடியில் பெரிய குடம் உடைந்தது. மூத்தவர் உன்னைப் பார்த்து "நீயா?" என்றார். நீ அப்படியே மண்ணில் விழுந்து "குற்றம் என்னுடையது" என்றாய். உடைத்தது கழுதை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கழுதைக்கும் தெரிந்திருக்கும். அன்று மாலை நான் கேட்டேன், ஏனடா இப்படி விழுந்தாய் என்று. "அப்படித்தானண்ணே சொல்லிக்குடுத்தாங்க. யாரு என்ன சொன்னாலும் மொதல்ல விழணும். வாதாடக் கூடாது" என்றாய். பமினும் அதே மண்ணில் படித்தவன். நம்மில் விழாதவன் யார்? விழுந்ததையெல்லாம் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டால், இந்த மடத்தில் ஆடையோடு ஒருவரும் மிஞ்ச மாட்டோம்.

நான் சபையில் எழுந்து கண்டதைச் சொன்னேன். சரபாமோன் சிரித்தார். "பெரியவரே, பருப்புல உப்பு ஜாஸ்தின்னீங்க. சங்கீதத்த ஓட்டமா பாடுறோம்னீங்க. நாங்க பண்ணுனதுல எதத்தான் நீங்க சரின்னு சொல்லிருக்கீங்க? இப்ப தலைவரே கொலகாரரு, அப்படித்தானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பருப்பில் உப்பு அதிகமாகத்தான் இருந்தது. அதை இன்றைக்கும் சொல்வேன். பமினின் உள்ளங்கையைக் காட்டினேன். பாலத்தை இழுத்ததால் வந்த காயம் என்றார்கள். ஒரே காயத்தை வைத்துக்கொண்டு இரண்டு கதையும் சொல்லலாம் போலிருக்கிறது.

உண்மையைச் சொல் என்று பமினிடம் மன்றாடினேன், திட்டினேன். "விழுந்தது ஆண்டவர் முன்னாலண்ணே. இப்ப எந்திரிச்சு நான் இல்லன்னா, இத்தன வருசம் விழுந்ததெல்லாம் நடிப்புன்னு ஆயிராதா? தலைவரக் காட்டிக்குடுத்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் ஜெபத்துல நிக்க?" என்கிறான். இப்படிப்பட்டவனை எந்தச் சட்டத்தைக் கொண்டு காப்பாற்றுவது?

தலைவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கெட்டவர் இல்லை. நோயாளிகளின் சீழ் பிடித்த புண்ணைக் கையால் கழுவுகிறவர். நான் செய்ய மாட்டேன். தனியே அகப்பட்டபோது கேட்டுவிட்டேன். மறுக்கவில்லை. "அவரு கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு பெரியவரே. கேட்டுக்கிட்டேதான் சுத்துனேன். கை நிக்கல" என்றார். அதைச் சபையில் சொல்லுங்கள் என்றேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன். தினமும் நாளைக்குத்தான். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். பூசையில் அவர் ஏந்தும் கிண்ணம் தட்டில் மோதுகிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்கிறது. ஏதோ நோய் என்று நினைத்து அவருக்காக ஜெபிக்கிறார்கள்.

இனிமேல்தான் நான் எழுத வந்தது. வெளியேற்றிய பமின் எங்கும் போகவில்லை. போக அவனுக்கு ஊருமில்லை, ஆளுமில்லை. கோபுரத்தின் கீழே, ஹோர் விழுந்த இடத்தில், வெறும் உள்சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு யாரும் சோறோ ரொட்டியோ கொடுக்கக் கூடாது என்பது தீர்ப்பில் ஒரு வரி. ஊரைப் பார்த்துப் போய்விடுவான் என்று நினைத்துச் சேர்த்திருப்பார்கள். உங்கள் முத்திரை அந்த வரிக்கும் சேர்த்துத்தான் விழுந்திருக்கிறது. சபையில் பேசியதற்காக, வாசல் தாண்டக் கூடாது என்று எனக்குத் தடை. ஆகவே பிச்சைக்காரர்களுக்கு இறக்கும் கூடையில் என் பங்கு ரொட்டியைச் சன்னல் வழியே இறக்குகிறேன். அவன் தொடுவதில்லை. "தலைவர் குடுக்கச் சொல்லலியேண்ணே. நீங்க சாப்பிடுங்க, முழங்காலுக்குத் தெம்பு வேணும்" என்று கீழேயிருந்து சொல்கிறான். கூடையைத் தூக்கச் சொல்லிக் கயிற்றை இரண்டு தரம் ஆட்டுவான். தண்ணீர் மட்டும் கழுதைத் தொட்டியில் குடிக்கிறான், அதைத் தீர்ப்பில் எழுதவில்லை என்பதால்.

ரொட்டிக்கு மட்டுமாவது அனுமதி கொடுங்கள் என்று தலைவரின் காலில் விழுந்தேன். நான் யார் காலிலும் விழுகிறவன் இல்லை, உங்களுக்குத் தெரியும். "ஆயர் முத்திர வெச்சத நான் எப்படி மாத்துறது?" என்று அழுதார். அவருக்கு உங்கள் முத்திரை ஒளிந்துகொள்ளும் மறைவாகிவிட்டது. உங்களுக்கு, இங்கிருந்து அவர் எழுதியனுப்பிய கடிதம். பமினுக்கு அவன் கீழ்ப்படிதல். நடுவில் ரொட்டி மட்டும் போய்ப் போய்த் திரும்பி வருகிறது.

இன்றைக்குக் காலையில் இறக்கியபோது அவன் கயிற்றை ஆட்டவில்லை. கூப்பிட்டேன். வெயில் அதிகம், அசந்திருப்பான். நானாகவே தூக்கிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது உங்களிடம் நீதி கேட்க வேண்டும், ஹோரின் பெயரால் கேட்க வேண்டும், விடக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பமின் குற்றவாளியாகவே இருக்கட்டும். தலைவர் தலைவராகவே இருக்கட்டும். என்னை வாயாடிக் கிழவன் என்று எழுதி வையுங்கள். உப்புக்காரர்களின் ஒட்டகங்கள் ஆற்றை நோக்கிக் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் திரும்பும்போது கொடுத்தனுப்ப, உங்கள் கையால் ஒரே ஒரு வரி போதும். "பமின் சாப்பிட வேண்டும்" என்று ஆணையிடுங்கள். வேண்டுகோளாக எழுதாதீர்கள், அவனுக்கு ஆணைதான் புரியும். கட்டாயம் கீழ்ப்படிவான்.

குடம் உடைந்த அன்று உன்னை மண்ணிலிருந்து தூக்கிவிட்டவன் பமின் என்பது நினைவிருக்கும்.

ஆண்டவர் உங்கள் கைக்கு வேகம் கொடுப்பாராக.

கிழவன் கொல்லூது

உப்புக்காரர்களிடம் வேகமாகப் போகச் சொல்லியிருக்கிறேன். கூடையைச் சன்னலிலேயே வைத்திருக்கிறேன்.