நான்கு விரல் இடைவெளி

பெர்கன், நார்வே, மார்ச் 9
இந்தப் பழங்கால உடைகள் எனக்குப் பிடித்திருக்கின்றனவா, எரிச்சலூட்டுகின்றனவா? இத்தனை வருடம் அருங்காட்சியகத்தின் துணிப்பிரிவைக் கட்டி மேய்த்தும் பதில் தெரியவில்லை.

1860களின் பச்சைப் பட்டுக் கவுனைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தையலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். விளிம்போ தரையில் புரள்கிறது. இதை உடுத்திய கப்பல் முதலாளியின் மனைவி ஊர்ச்சேற்றைச் சம்பளமில்லாமல் கூட்டியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே உள்மடிப்பைத் தடவினால் ஒரு பை. முழங்கை வரை உள்ளே போகிறது. என் புதுக் கோட்டின் பையில் பென்சில்கூட நிற்பதில்லை. முன்னேற்றம்தான்.

மார்ச் 12
கண்காட்சிக்குக் கூட்டம் வராவிட்டால் என் அறை காபிக்கடையாகிவிடும் என்று போன வாரம் சொன்ன இயக்குநர் ஆர்வித், இன்று கார்செட்டை, அதுதான் இடுப்பை இறுக்கும் அந்தக் கால உள்ளுடையை, பொம்மைக்கு மாட்டி, முதுகுக் கயிற்றை இழுத்து முழுக்க மூடிவிட்டார். ஆஹா, என்ன இடுப்பு! பூனைக்கும் போதாது.

"அப்படி யாரும் போடல. பின்னால நாலு விரல் இடைவெளி விட்டுத்தான் கட்டுவாங்க" என்றேன்.

"யொரூன், ஜனங்க வாயப் பொளக்க வர்றாங்க. பாடம் படிக்கவா வர்றாங்க?"

உண்மைதான். "பாவம், அந்தக் காலத்துப் பொம்பளைங்க" என்று உச்சுக்கொட்டிவிட்டு, குதிகாலைக் கடிக்கும் செருப்போடு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

மார்ச் 13
நான்கு விரல் விட்டுக் கட்டினேன். மதியம் மூடியிருந்தது. அவிழ்த்தேன். மாலையில் மறுபடி மூடியிருந்தது. இரண்டு பேருமே முனைவர் பட்டம் வாங்கியவர்கள்.

மார்ச் 15
பழந்துணிகளைச் சீர்செய்யும் சிஸ்ஸெல் பொறுமையிழந்துவிட்டாள். "எதுக்குடி பொம்மையோட மல்லுக்கட்டுறீங்க? அதே வெட்டுல உன் அளவுக்கு ஒண்ணு தெச்சுத் தர்றேன். திறப்பு விழாவுல போட்டுக்கிட்டு நில்லு. அவரே வந்து இழுத்து மூடட்டும், பாப்போம்."

முடியாது என்றேன்.

மார்ச் 16
சரி என்றேன். நீச்சல்குளத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு நடக்கிற நான்! அறைக்காகத்தான். வேறெதற்கு?

மார்ச் 27
நாளை திறப்பு. மழை. யாரும் வரமாட்டார்கள். வந்தால் சிரிப்பார்கள்.

மார்ச் 28
வந்தார்கள். சிரித்தார்கள்.

ரவிக்கைமேல் கார்செட்டோடு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆர்வித் கோட்டைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

"மூச்ச உள்ள இழுங்க!"

"நான் இழுத்தாச்சு. இப்ப நீங்க இழுங்க."

அவர் முகம் சிவந்தது. நான்கு விரல் மூன்றரையானது, அதற்குமேல் அசையவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மாள் குரல் கொடுத்தார்: "விடுப்பா, அது என்ன படகா, கரைக்கு இழுக்க?" கூடமே அதிர்ந்தது. அப்புறம் பெண்கள், சிஸ்ஸெல் ஒத்திகைக்குத் தைத்திருந்த இன்னொன்றைத் தங்களுக்கும் கட்டிவிடச் சொல்லி வரிசையில் நின்றார்கள், வாசல் வரைக்கும்.

ஆர்வித் போய்ப் பொம்மையின் கயிற்றைத் தளர்த்தி, தன் நான்கு விரல்களை வைத்து அளந்து கட்டினார். தடித்த விரல்கள், இடைவெளி சற்று அதிகம். நான் திருத்தவில்லை. "காபி மெஷினை வாசல்லயே வெச்சுக்கலாம்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் சிஸ்ஸெல் என் முடிச்சை அவிழ்க்க வந்தாள்.

"இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.