மூன்று முறை கழுவியது

சிந்தியா,

நீ கடலூரில் அம்மா வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது.

இன்று சிதம்பரத்தில், என் மாணவி, சர்க்கரைகளைப் பிரித்து அளக்கும் ஜி.சி. கருவியின் வரைபடத்தோடு வந்தாள். பாக்டீரியாவின் சர்க்கரைகளில் குளுக்கோஸ் மட்டும் மலைபோல் ஏறியிருந்தது. "செல்லைச் சரியாக் கழுவலியா? வளர்த்த மீடியத்தோட சர்க்கரை ஒட்டியிருக்கு" என்றேன், யோசிக்காமலே.

நாம் ஒரே ஆய்வகத்தில் இருந்த காலத்தில், உன் ஆய்விலும் அதே மலைதான். மாதா திருவிழாவுக்குப் போகும்போது, செல்களை மூன்று முறை கழுவச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். ஒரு முறை கழுவிவிட்டு, நோட்டில் மூன்று என்று எழுதினேன்.

வரைபடத்தைப் பார்த்து நம் கைடு எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என் கைக்கு ராசியில்ல" என்று ஆய்வையே விட்டாய். இன்றும் பால் திரிந்தால் அதையே சொல்கிறாய்.

உன் கைக்கு ஒன்றுமில்லை, சிந்தியா. கழுவியது என் கை.

உன் கணவன்