பள்ளக்கொல்லைச் சவுக்கு

அண்ணா,

அப்பா இறந்தது நெஞ்சுவலியால் என்று போனில் சொன்னேனே, அது பொய்.

ஏரிக்குப் பக்கத்துப் பள்ளக்கொல்லையில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துச் சவுக்கு வைத்தோம் அல்லவா? சீக்கிரம் வெட்டலாம் என்று நீ சொன்னபடி அப்பா யூரியாவை இரண்டு மடங்கு போட்டார். மரங்கள் மளமளவென்று உயர்ந்தன; வேர்தான் இறங்கவில்லை. புயலன்று காலையில் முட்டுக் கொடுக்கப் போனார். ஒரு வரிசை மரமே அவர்மேல் சாய்ந்துவிட்டது.

ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லாத பாப்பா. யூரியான்ற பேச்சையே எடுக்காத. நெஞ்சுவலின்னு சொல்லிடு," என்றார்.

ஒரு மாதம் சொல்லாமல்தான் இருந்தேன்.

நேற்று நீ பிரான்சிலிருந்து போன் செய்து, "மிச்ச சவுக்குக்கு யூரியா வெச்சாச்சா?" என்று கேட்டாய்.

உன் தங்கை