குறை ஏதுமில்லாத பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

பட்டறையின் சோதனை மேசையில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு பெட்டி, விமானத்தில் மாட்டியதும் ஏன் மக்கர் செய்கிறது? எனக்குத் தெரியவில்லை. இன்று முழுவதும் யோசித்தும் தெரியவில்லை.

விமானத்தின் வாலில் ஒரு சிறிய இயந்திரம் இருக்கிறது. ஏபியூ என்போம். தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசியும் தருவது அதுதான். அதைக் கிளப்பிவிடுவதற்கென்று ஷூ டப்பா அளவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. விமானம் இறங்கியதும் பைலட் பொத்தானை அழுத்துகிறார், ஏபியூ கிளம்ப மாட்டேன் என்கிறது. பெட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் உடனே கிளம்புகிறது. கழற்றியது பட்டறைக்குப் போகிறது. அங்கே சோதித்து, 'குறை ஏதுமில்லை' என்று சீட்டு ஒட்டி ஸ்டோருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஸ்டோரிலிருந்து அது இன்னொரு விமானத்துக்குப் போகிறது.

எது எத்தனை தடவை பழுதாகிறது என்று எண்ணிச் சொல்வது என் வேலை. இத்தனை நாள் விமானவாரியாக எண்ணினேன். இன்று சும்மா, பெட்டிகளின் சீரியல் நம்பர்வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் ஒரே பெட்டி நான்கு முறை, நான்கு வேறு விமானங்களிலிருந்து கழற்றப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரே ஒரு முறைதான் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரின் போர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நம்ம வீட்டோட மாப்பிள்ளை மேடம் இவரு. பாக்க நல்லா இருப்பாரு, ஒரு குறை சொல்ல முடியாது. வேலைக்கு அனுப்பினா மட்டும் திரும்பி வந்துடுவாரு."

அதிலிருந்து எல்லோருக்கும் அது மாப்பிள்ளை ஆகிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

செலவுக் கூட்டம். ஃபைனான்ஸ் மேனேஜருக்கு ஹேங்கரில் வைத்த பெயர் கத்தரிக்கோல். என்னைவிடப் பத்து வயது இளையவர். நல்ல இஸ்திரி, நல்ல மரியாதை. பெட்டியைப் பறக்கும் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்க வேண்டும் என்றேன். புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருக்கும். அதன் விலையில் நல்ல கார் ஒன்று வாங்கலாம்.

"என்ன பழுது மேடம்?"

"தெரியல சார்."

"பட்டறை என்ன சொல்றாங்க?"

"நல்லா இருக்குங்கறாங்க."

பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "ஆதாரம் குடுங்க மேடம். குடுத்தா நாளைக்கே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

மேசையைச் சுற்றி எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான். இருபது வருடமாக அந்த அறையில் மற்றவர்களிடம் 'ஆதாரம் எங்கே' என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தவள் நான்.

இருபத்தொன்றாம் தேதிவரை அவகாசம். அதற்குள் எதையும் காட்டாவிட்டால் பெட்டி ஸ்டோருக்குப் போகும். அடுத்து எந்த விமானம் கேட்கிறதோ அதில் ஏறும். போன முறை அது கைவிட்டது ஒரு சின்ன விமான நிலையத்தில். அங்கே வெளியிலிருந்து ஏசி தரும் வண்டி கிடையாது. ஏறி உட்கார்ந்த பயணிகள் உள்ளே வெந்துபோனார்கள். ஒரு வயதான அம்மா மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸ் வந்தது. அடுத்த முறை எங்கேயோ.

மார்ச் 7

கத்தரிக்கோல் மேல் கோபம் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். எரிச்சலே அதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் மதியம் சாப்பிட வந்தாள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. "எங்க அண்ணி ஏரோப்ளேன் ஆபீஸ்ல எண்ணிக்கிட்டிருக்காங்க" என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். தப்பில்லை.

மாப்பிள்ளை கதையைச் சொன்னேன்.

"எங்க அண்ணன் மாதிரியே இருக்கே அண்ணி! வீட்ல முதுகு வலின்னு உருளுவாரு. டாக்டர் முன்னாடி போய் நின்னா குனிஞ்சு பாதத்தத் தொட்டுக் காட்டுவாரு."

"நீ சாப்பிட வந்தியா, என் மானத்த வாங்க வந்தியா?" என்றார் இவர். ஆனால் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. பல் டாக்டர் அல்லவா.

"என்கிட்டயும் இப்படி வருவாங்க. ராத்திரியெல்லாம் வலிம்பாங்க. நாற்காலில உக்காந்தா ஒண்ணும் இருக்காது. தட்டிப் பாப்பேன், எக்ஸ்ரே எடுப்பேன், சுத்தமா இருக்கும். சில்லுன்னு ஒண்ண எடுத்து அந்தப் பல்லு மேல வெப்பேன் பாரு, 'ஐயோ'ன்னு எகிறுவாங்க. விரிசல் அப்பத்தான் தெரியும்."

"பெட்டிக்குப் பல் இல்லீங்க."

"மேல குளிருமா குளிராதா?"

 குழம்பு ஊற்றிக்கொண்டேன். ஆனால் அது குளிரும். அந்த வால் அறையில் சூடாக்கும் வசதி எதுவும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

பழைய பதிவுகளைப் பார்த்தேன். நான்கு முறையும் நீண்ட பயணம் முடிந்து இறங்கிய பிறகுதான். நான்கும்!

பொறு. எங்கள் பயணங்களில் முக்கால்வாசி நீண்டவைதான். நான்கும் அப்படி அமைந்ததில் ஆச்சரியம் கொஞ்சம்தான்.

இருந்தாலும்.

மார்ச் 11, செவ்வாய்

சோதனை மேசையோடு சேர்த்துக் குளிரூட்டும் அறை எங்கள் பட்டறையில் இல்லை. இருக்கிற நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் கேட்கும் கட்டணத்துக்குக் கத்தரிக்கோல் மயங்கி விழுவார். பக்கத்துக் கட்டடத்தில் விமான உணவு தயாரிக்கிற சமையல்கூடம் இருக்கிறது. அங்கே கழுவிக் காலியாக வைத்திருக்கிற ஒரு ஃப்ரீசர். பெட்டிக்கு ஏற்கெனவே சிவப்பு டேக் போட்டாகிவிட்டது. இனி முழுச் சோதனை முடியாமல் அது விமானம் ஏற முடியாது. ஆகவே கொஞ்சம் விளையாடிப் பார்க்கலாம்.

கிடங்கு மேற்பார்வை பார்க்கும் பெண்மணி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சாப்பாட்டத் தவிர எதையும் உள்ள விட மாட்டேன். அது என் ரூலு."

"இதுவும் சாப்பாட்டு சமாச்சாரந்தாம்மா. எங்க போனஸ தின்னுக்கிட்டு இருக்கு" என்றார் போர்மேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் போய், என்ன செய்யப் போகிறோம் என்று விவரமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மூணு கவர் போடுங்க. தண்ணி கோக்காம இருக்கும்" என்றார். நாங்கள் இரண்டு கவர்தான் கொண்டுபோயிருந்தோம். மூன்றாவதை அவரே கொடுத்தார்.

மார்ச் 13, வியாழன்

பாஸ்.

உறையக் குளிர்ந்த பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குக் கொண்டுபோய், கவர்களைக் கிழித்து மேசையில் பொருத்தினோம். போர்மேன் ஒரு பக்கம், சோதனை செய்கிற டெக்னீஷியன் ஒரு பக்கம், நடுவில் நான் – பிரசவ அறை மாதிரி. எல்லாப் படிகளிலும் பச்சை விளக்கு. திரும்பச் செய்தோம். பச்சை. மூன்றாம் முறையும்.

"ஏசி ரூம்ல நல்லா தூங்கி எழுந்து வந்திருக்காரு மேடம். முன்னவிட தெம்பா இருக்காரு" என்றார் போர்மேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். டெக்னீஷியன் என்னைப் பார்த்த பார்வையிலிருந்து, அங்கே நான் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிறது என்று தெரிந்தது.

மாலையில் சிரிப்பு இல்லை. இந்தப் பெட்டிக்கு என்னதான் வேணும்? நாலு தடவ கழுத்தறுத்துட்டு இப்ப என் முன்னாடி நல்ல பிள்ள வேஷம் போடுதா? இரும்பையும் தகரத்தையும் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் – படித்தவள்.

இவரிடம் சொன்னேன். "எல்லாப் பல்லும் குளிருக்குத்தான் வலிக்கும்னு இல்லியே. சிலது கடிச்சாதான் வலிக்கும்" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

மார்ச் 15

துணிகளை மடித்தேன். எதையும் யோசிக்கவில்லை. நல்ல நாள்.

மார்ச் 17, திங்கள்

போர்மேன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"மேடம், பின்னாடி ஒரு கனெக்டர் இருக்கு. லேசா ஒரு பின்ன வளைச்சு விட்டா போதும். நாளைக்கே ஃபெயில்னு வந்துடும். பிரச்சனையும் தீரும், அடுத்த ஃப்ளைட்ல வர்ற சனங்களும் தப்பிக்கும்."

 உடனே மறுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மயங்கி விழுந்த அந்த அம்மாவை நினைத்தேன். ஒரு பின். யாருக்கும் தெரியாது. முடிவும் சரியான முடிவாகத்தான் இருக்கும்.

ஆனால் அதன்பிறகு என் மேசைக்கு வருகிற எந்த எண்ணை நான் நம்புவது? என் எண்ணையே?

"வேண்டாம்" என்றேன்.

"சும்மா சொன்னேன் மேடம். நீங்க எங்க சரின்னு சொல்லிடப் போறீங்களோன்னு பயந்துட்டேன்."

சும்மா சொன்னாரா, என்னைச் சோதித்தாரா, நிஜமாகவே சொன்னாரா – தெரியாது. கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 18, செவ்வாய்

இந்த ரகத்தில் மொத்தம் இருபத்தாறு பெட்டிகள். மற்ற இருபத்தைந்தில் பெரும்பாலானவை கழற்றப்படவே இல்லை. சில ஒருமுறை, ஒன்றிரண்டு இருமுறை. எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதிரி நல்லவை என்று வைத்துக்கொண்டால், அவற்றில் ஏதோ ஒன்று மட்டும் வெறும் துரதிர்ஷ்டத்தால் நான்கு முறை மாட்டிக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டேன். ஏறக்குறைய இருபதில் ஒன்று.

அதாவது எந்தப் பெட்டியிலும் குற்றமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு மாப்பிள்ளை அகப்பட இருபதில் ஒரு வாய்ப்பு. அது சின்ன வாய்ப்பு இல்லை. போதாததற்கு நான் இந்த ஒரு ரகத்தை மட்டுமா துருவினேன்? வால்வு, பம்பு, சென்சார் என்று எத்தனையோ பார்த்தேன். அத்தனை இடத்தில் தோண்டினால் எங்கேயாவது ஒன்று விசித்திரமாகத் தட்டுப்படத்தான் செய்யும்.

என் வழக்கை நானே உடைத்துவிட்டேன். வேறு யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால் நான் இப்படித்தான் உடைத்திருப்பேன். தூக்கம் நன்றாகவே வந்தது, ஏனோ.

மார்ச் 20, வியாழன்

குளிக்கும்போது தோன்றியது. பெட்டிக்கு என்ன பழுது என்றே இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலும் அதையேதான் கேட்டார். கேட்க வேண்டியது வேறு: இரண்டில் ஒரு தவறு செய்துதான் ஆக வேண்டும் என்றால் எந்தத் தவறு மலிவு?

நல்ல பெட்டியைத் தூக்கிப் போட்டால் ஒரு பெட்டியின் விலை நட்டம். கெட்ட பெட்டியைத் திரும்ப மாட்டினால் தாமதம், வாடகைக்கு ஏசி வண்டி, பயணிகளுக்குத் தங்க இடம் – இன்னும் இரண்டு முறை கைவிட்டாலே அந்த விலையைத் தாண்டிவிடும். மயங்கி விழுகிறவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு என்ன விலை போடுவது?

ஈரத் தலையோடு வந்து எழுதிவைத்தேன். "ஜலதோஷம் பிடிச்சா நான் பொறுப்பில்ல" என்றார் இவர்.

மார்ச் 21, வெள்ளி

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீசர் கதையையும் சொன்னேன். அறையே சிரித்தது. இருபதில் ஒன்றையும், அதற்கு மேலும் எனக்கிருந்த சந்தேகத்தையும் சொன்னேன். போர்மேன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். பிறகு இரண்டு தவறுகளின் விலையை எழுதிக் காட்டினேன்.

கத்தரிக்கோல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து மூடினார்.

"இந்தக் கணக்க முதல் நாளே போட்டிருக்கலாமே மேடம்?"

"போட்டிருக்கலாம் சார். அப்ப தோணல."

"எனக்கும் தோணல" என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து பழைய தாள் ஒன்றை எடுத்தார். பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வகுப்பில் வைத்துக் கற்றுக்கொடுக்க இதே ரகப் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டு எழுதியது. இரண்டு வருடமாக அவரே வெட்டிக்கொண்டு வந்த கோரிக்கை. "இவங்களுக்கு இதக் குடுத்துடுவோம். பறக்கறதுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க. ரெண்டு பேரும் என்னைத் திட்டறத ஒரே செலவுல நிறுத்தினாப்ல ஆச்சு."

கையெழுத்துப் போட்டார். என் மனத்தில் வராத யோசனை. நல்ல யோசனை.

வெளியே வந்ததும் போர்மேன், "கால மிதிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க மேடம். நீங்க பாட்டுக்கு எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி பேசிட்டே போனீங்க" என்றார். மாலையே பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே மூக்குத் துடைக்கும் காகிதத்தில் பூ ஒன்று செய்து வைத்து, பயிற்சிப் பள்ளிக்கு வழியனுப்பினார்கள்.

மார்ச் 22, சனி

பதினோரு மணிக்குப் பயிற்சிப் பள்ளி ஆசிரியர் போன் செய்தார். குரலில் மனத்தாங்கல்.

"மேடம், பழுதான பெட்டின்னு சொல்லித்தானே குடுத்தீங்க? காலையிலேர்ந்து எங்க பயிற்சி ஏபியூல மாட்டி கிளாஸ்ல எல்லாரும் மாத்தி மாத்தி அழுத்திப் பாத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் ஜம்முன்னு கிளம்புது. இத வெச்சுக்கிட்டு நான் எப்படிப் பழுது பாக்கக் கத்துக்குடுக்கறது?"

கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னேன்.

அரை மணியில் கத்தரிக்கோல். சேதி அங்கேயும் போய்விட்டது.

"மேடம், நல்லா ஓடுதாமே?"

"ஆமா சார்."

வாங்கச் சொன்ன புதுப் பெட்டியை நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"ஆர்டர் போட்டாச்சா?"

"திங்கக்கிழமை போடணும்."

"இன்னிக்கே போட்டுடுங்க. விலை ஏறப் போகுதாம்" என்று வைத்துவிட்டார்.

ஆர்டரை அனுப்பிவிட்டுக் கிளம்பும்போது நீண்ட பயணம் முடித்து ஒரு விமானம் வந்து நின்றது. மாப்பிள்ளை கடைசியாக இருந்த விமானம். இப்போது வேறு பெட்டி. வேலிக்கு இந்தப் பக்கம் பையோடு நின்று கேட்டேன். ஏபியூ முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. ஒரு தடவை கிளம்பியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சத்தம் சீராகும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நல்ல பசி.