பத்து லட்சத்து மூன்று

பிரிக்க முடியாத என் மச்சான் ஆரோக்கியத்துக்கு,

உன் கல்லறைக் கல் வந்துவிட்டது. ஈப்போவில் ரயிலேற்றி, பீடோரில் இறக்கி, மாட்டுவண்டியில் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். சிலுவை சரி, பெயர் சரி. நீ ஆசைப்பட்டுக் கேட்ட எண்தான் பாழாய்ப் போயிற்று.

கொயினா மருந்து குடித்தும் இறங்காத காய்ச்சலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே, "பேருக்குக் கீழ நம்ம எண்ணப் போட்டுரு மச்சான். வேற வசனம் ஒண்ணும் வேணாம்" என்று. பங்குச் சாமியாரிடம் சண்டை போட்டுத்தான் சம்மதம் வாங்கினேன்.

நம் எண், பத்து லட்சத்து மூன்று. உன் தம்பியைச் சிலிம் ரிவர் பக்கத் தோட்டத்துக்கு மாற்றிய மழைக்காலத்தில், ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அதை வகுத்துப் பார்த்தோம். நீ ஏழால், நான் பதினொன்றால், நீ பதின்மூன்றால். ஆயிரம் வரைக்கும் பார்த்தால் போதும் என்றாய். பெருக்கும் இரண்டுமே ஆயிரத்தைத் தாண்டினால் விடை நம் எண்ணையே தாண்டிவிடுமாம். ஒவ்வொரு தடவையும் ஏதோ மிஞ்சியது. கடைசியாகத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. மீதி பன்னிரண்டு. நீ மேசையைக் குத்தினாய்.

"தோட்டத்துல எல்லாத்தையும் பிரிக்கிறானுங்க மச்சான். மரத்த நெரை நெரையாப் பிரிக்கிறான், வீட்ட லயம் லயமாப் பிரிக்கிறான், அண்ணன் தம்பியப் பிரிக்கிறான். இத எவன் பிரிப்பான், பாப்போம்!"

கல்லில் கொத்துவதற்குத் தாளில் நீயேதான் எழுதித் தந்தாய், தமிழ் எண்ணில். உன் கையெழுத்துதான் கோழி கிளறிய மண்ணாயிற்றே! உன் ௧ என்றைக்கு ஒழுங்கான ௧ஆக இருந்தது? கல் கொத்திய சீனருக்குத் தமிழ் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததைக் கொத்திவிட்டார். கல்லில் இப்போது நிற்பது ௪௦௦௦௦௦௩. ஒன்று நான்காகிவிட்டது.

ஈப்போவுக்கே போய் அவரிடம் ௧, ௪ இரண்டையும் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "சாமா லா" என்றார், இரண்டும் ஒன்றுதானே என்று. அவரைக் கோபித்து என்ன செய்ய? கொத்தின பள்ளத்தைத் தூர்க்க முடியாதாம்.

திரும்பும் ரயிலில் வகுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. நாற்பது லட்சத்து மூன்று ஏழால் வகுபடுகிறது மச்சான், மிச்சம் மீதியில்லாமல்.

உன் தங்கை, "யாருக்குத் தெரியப் போவுது? விடுங்களேன்" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவனான நீ அந்தக் கல்லுக்கு அடியில் கிடக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ போன இடத்திலாவது பிரிக்காமல் விடுகிறார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

ஒன்று மட்டும் சத்தியம். உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சரியான எண்ணை உன் காதில் சொல்லிவிட்டுப் போவேன். எனக்குப் பிறகு நீ ஏழால் வகுபடுவாய்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மச்சான் சூசை