இலை விட்ட எட்டுக் குச்சிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலமாக இருக்கிறேன். விடுதியில் இப்போது அதிகக் கூட்டம் இல்லை, எனக்கு வேலையும் குறைவுதான்.

நீ அனுப்பிய மல்பெரிக் குச்சிகள் எட்டும் துளிர்த்துவிட்டதாகப் போனில் பெருமையாகச் சொன்னேன் அல்லவா? மீதியைப் போனில் சொன்னால் தம்பி கேலி செய்வான், அதனால் எழுதுகிறேன். நேற்று ஒரு குரங்கு சுவரேறி வந்து எட்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டது. பயப்படாதே, என்னை ஒன்றும் செய்யவில்லை. குச்சிகளைப் பொறுக்கும்போதுதான் பார்த்தேன், ஒன்றில்கூட வேர் இல்லை.

வீட்டுக்கார வேதா அக்கா சிரித்தார். "எலைய பாத்து ஏமாந்துட்டியா? அது குச்சியில இருந்த சாறுல துளுத்ததும்மா. நெழல்ல வச்சிருந்தா வேர் புடிச்சிருக்கும், நீ வெயில ஜாஸ்தி காட்டிட்ட. கொரங்க ஏன் திட்டுற?"

ஒரு மாதமாக அந்த இலைகளைப் பார்த்துப் பார்த்து, இந்த ஊர் எனக்கும் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் தம்பி வீட்டை இடித்துக் கட்டும்போது உன் செடியும் போய்விடும். அதற்குள் பென்சில் கனத்தில் முற்றின குச்சியாகப் பத்து நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி வை. பார்சலில் போடாதே, போன முறை வந்து சேர மூன்று நாள் ஆனது. நீயே எடுத்துக்கொண்டு வா. வந்தால் உன் கையாலேயே நட்டுவிட்டு, வேர் பிடிக்கும்வரை இங்கே இரு. இரண்டு மாதம்கூட ஆகலாம் என்கிறார் வேதா அக்கா.

கீழே வேதா அக்கா கூப்பிடுகிறார், போகிறேன்.

உன் மகள்
கலையரசி