முன் அறை விளக்கு

அன்பு மகனுக்கு,

அப்பாவின் நினைவில்லத்துக்காக இன்றும் குழுவினர் வந்து முன் அறையை அளந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் போட்டே மாதம் முடியுமுன் சர்க்கரை தீர்ந்துவிட்டது. அப்பாவின் நாற்காலியும் சிறைப் போர்வையும் இருந்த இடத்திலேயே இருக்குமாம். என் சாமி படமும் விளக்கும் மட்டும் பின் அறைக்குப் போக வேண்டுமாம்.

"ஐயா கடவுள் நம்பிக்கை இல்லாதவரும்மா. பாக்க வர்றவங்க குழம்பிடுவாங்க" என்றார் குழுவின் செயலாளர்.

நான் அந்த விளக்கு மூலையில் சாமியிடம் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா கவிதை எழுதுவார். "நான் அரசாங்கத்துக்கு மனு போடறேன், நீ மேல போடற. ரெண்டு பேருக்கும் பதிலக் காணோம்" என்பார். விளக்கை நகர்த்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சிலரை மட்டும் பின்வாசல் வழியாக வரச் சொன்னதை எதிர்த்துத்தானே அவர் தெருவில் இறங்கினார், அடி வாங்கினார்? அவர் பேரைச் சொல்லியே என்னைப் பின்னால் அனுப்பினால் என்ன நியாயம்? செயலாளரிடம் கேட்டேன். "வீடு உங்க பையன் பேர்லதானம்மா இருக்கு, அவர்கிட்டயே பேசிக்கறோம்" என்றார்.

எனக்கு வாதாடத் தெம்பில்லை, கண்ணா. நாளை உன்னை அழைப்பார்கள். முடியாது என்று சொல்லிவிடு. அப்பா அந்த ஒரு சொல்லுக்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். உனக்கு ஒரு ஃபோனோடு முடிந்துவிடும்.

உன் அம்மா